ஆச்சியின் பாம்படமும் 50 மி.மீ. லென்சும்



எங்க வீட்டு முன்னறையில் ஆச்சி படம் ஒன்று மாலை போட்டு மாட்டியிருக்கிறது. பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அது ஆச்சி மாதிரி இருக்காது. ஏன்னு சொல்றேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தை நம்ம ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டீங்க. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோட நம்ம ஸ்டேஷன்ல நின்னு போச்சே, அந்த வெள்ளம்தான். எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த மூணு ஆல்பமும் முங்கிப் போச்சு. தண்ணி வடிஞ்ச பிறகு அம்மா வெயிலில் காயவைத்துப் பிரிச்சுப் பார்த்தாங்க. படங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, பிரிக்கப் பிரிக்க முகங்கள் உரிஞ்சு வந்தன. அடுத்த ஆடியில் ஆச்சி இறந்துட்டாங்க. அப்போ எங்ககிட்ட ஆச்சி படம் ஒண்ணுகூட இல்லை. சென்னையில் இருக்கிற அத்தை செல்போனில் ஒரு கல்யாண குரூப் போட்டோ கிடைச்சது. ஸ்டுடியோவில் அதிலிருந்து ஆச்சியை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால நீலவானம் வச்சுக் கொடுத்தாங்க. குரூப் போட்டோவில் ஆச்சியின் ஒரு காதைப் பக்கத்தில் நின்னவங்க தோள் மறைச்சிருந்தது. அதனால இன்னொரு காதையே திருப்பி ஒட்டிட்டாங்க. பூ வச்ச பக்கம் எதுன்னுகூட இப்போ படத்தில் தெரியாது.

இது நடந்த பிறகுதான் எனக்கு போட்டோ எடுக்கக் கத்துக்கணும்னு தோணிச்சு. ஆச்சியின் தங்கச்சி, எங்க சின்ன ஆச்சி, ஆழ்வார்திருநகரியில் இருக்காங்க. அவங்க காதிலும் பாம்படம் உண்டு. பாம்படம் பார்க்காதவங்களுக்குச் சொல்றேன்: தங்கத் தகட்டில் உருண்டையும் சதுரமும் முடிச்சுமா செய்த கனமான காதணி. சின்ன வயசிலேயே காதை வளர்த்து, தோளைத் தொடுற மாதிரி தொங்கவிடுவாங்க. நம்ம பக்கம் இப்போ எண்பது வயசுக்கு மேற்பட்ட ஆச்சிமார் சிலர் காதில்தான் இதைப் பார்க்க முடியும். எங்க அம்மா தலைமுறையில் யாரும் காது வளர்க்கலை. அதனால, எடுத்தா இப்போ எடுக்கணும்.

தூத்துக்குடியில் கல்யாண போட்டோ எடுக்கிற என் சித்தப்பா, தன் பழைய கேமராவையும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையும் எனக்கு இரவல் கொடுத்தார். லென்சில் ‘1:1.8’ என்று எழுதியிருந்தது. "இது ஃபாஸ்ட் பிரைம்டா, பாத்துக்கோ"ன்னார். நான் ரொம்ப வேகமா படம் எடுக்கும்போலன்னு நினைச்சுக்கிட்டேன். அது அப்படி இல்லை.

பிரைம் லென்ஸ் என்றால் ஜூம் ஆகாத லென்ஸ். பக்கத்தில் காட்டணும்னா நாமதான் நடந்து பக்கத்தில் போகணும். ஃபாஸ்ட் என்றால், லென்சுக்குள் இருக்கிற துவாரம் பெரிசாகத் திறக்கும் என்று அர்த்தம். நிறைய வெளிச்சம் உள்ளே வரும், அதனால ஷட்டரை வேகமா மூடலாம். அந்த வேகத்தைத்தான் ஃபாஸ்ட் என்கிறாங்க. 1.8 என்பது ஒரு வகுத்தல் கணக்கு. லென்சின் குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வர்ற எண். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் சுமார் 28. அதாவது துவாரம் 28 மி.மீ. அகலம், நம்ம பத்து ரூபாய்க் காசு அளவு. (காசு 27 மி.மீ., ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க.) அதையே எஃப் 16-க்குச் சுருக்கினால் துவாரம் வெறும் 3 மி.மீ. ஒரு கம்பு மணி அளவுதான். எண் பெரிசானா துவாரம் சிறிசு. பத்தாம் வகுப்பில் படித்த ஒளியியல் பாடத்தை நான் மனப்பாடம்தான் பண்ணியிருந்தேன். இந்த வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் புரிஞ்சுது.

கேமராவோட சேர்த்துத் தர்ற சாதாரண ஜூம் லென்ஸ், ஆள் படம் எடுக்கிற தூரத்துக்கு இழுத்தால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. நம்ம 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் வாங்கும். விட்டத்தின் வர்க்கத்தில் பரப்பு கூடுது இல்லையா, அதான்.

முதல் தடவை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நல்ல வெயில். வெயில் இருந்தா போட்டோ நல்லா வரும்னுதானே நாம எல்லாரும் நினைக்கிறோம்? சின்ன ஆச்சியை முற்றத்தில் நிறுத்தி, துவாரத்தை முழுசாத் திறந்து பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன். "ஏல, கண்ணு கூசுதுல, சீக்கிரம் எடு"ன்னு ஆச்சி சொல்லிக்கிட்டே இருந்தாங்க. வந்து பார்த்தா, நெற்றியும் வெள்ளை முடியும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துப் போச்சு. கண் ரெண்டும் கறுப்புக் குழி. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கோபமா நிற்கிற மாதிரி ஒரு முகம்.

சித்தப்பா சிரிச்சார். பிறகு ஒரு கணக்குச் சொன்னார். பழைய பிலிம் காலத்து போட்டோகிராபர்கள் மீட்டர் இல்லாமல் எடுக்கப் பயன்படுத்தினது. நல்ல வெயிலில் துவாரம் எஃப் 16 வைத்தால், ஐ.எஸ்.ஓ. எண் எவ்வளவோ அத்தனையில் ஒரு பங்கு வினாடி ஷட்டர். ஐ.எஸ்.ஓ. 100 என்றால் 100-ல் ஒரு பங்கு வினாடி. இப்போ துவாரத்தை 16-லிருந்து 1.8-க்குத் திறந்தால் வெளிச்சம் சுமார் 79 மடங்கு கூடும். அப்போ ஷட்டரும் 79 மடங்கு வேகமாகணும். அதாவது ஏறக்குறைய 8000-ல் ஒரு பங்கு வினாடி. சித்தப்பா கொடுத்த கேமராவில் அதிக வேகமே 4000-ல் ஒரு பங்குதான். பிறகு வெளுக்காம என்ன செய்யும்? வெளிச்சத்தைக் குறைக்க ஒரு கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் கிடைக்குது. ஆனா அது கண்ணில் விழுற குழி நிழலை மாற்றாது. நம்ம ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 8.6 டிகிரியில் இருக்கு. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். மற்ற மாதங்களிலும் பெரிசா சாயாது. உச்சி வெயிலில் புருவத்து நிழல் கண்ணில் விழாமல் இருக்கவே இருக்காது.

ஆக, வெளியில் படம் எடுக்கணும், வெயிலில் எடுக்கக் கூடாது. அதுக்கு என்ன வழி? திண்ணைதான் வழி.

நம்ம பழைய வீட்டுத் திண்ணையைவிட நல்ல ஸ்டுடியோ கிடையாதுன்னு நான் சொல்வேன். மேலே ஓட்டுக்கூரை, நேர் வெயில் விழாது. எதிரே தெரு திறந்து கிடக்கு. வானத்து வெளிச்சமும் எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் முன்னாலிருந்து மெத்துன்னு முகத்தில் விழும். ஆளைத் திண்ணை விளிம்புக்குப் பக்கமா உட்கார வச்சு, முகத்தைத் தெருப் பக்கம் திருப்பச் சொல்லணும். அப்போ கண்ணுக்குள்ள ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி மின்னும். அது இல்லைன்னா கண் செத்த கண் மாதிரி இருக்கும். (கல்யாண வீட்டில் சித்தப்பா இதுக்காகவே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைத் தூக்கிக்கிட்டு அலைவார். வெள்ளை வேட்டியை விரிச்சுப் பிடிச்சாலும் போதும்.) இந்த நிழலில் வெளிச்சம் வெயிலைவிட எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். ஷட்டர் 1000-ல் ஒரு பங்கு பக்கம் வந்துடும். எந்தக் கேமராவுக்கும் அது சுலபம்.

வேப்பமரத்தடி பார்க்க அழகு, ஆனா ஏமாத்திடும். இலை இடுக்கு வழியா வர்ற வெயில் முகத்தில் வட்டவட்டமா பொட்டு வைக்கும். அந்த வட்டம் ஒவ்வொண்ணும் சூரியனோட பிம்பம், தெரியுமா? இலை இடுக்கு ஊசித்துளைக் கேமரா மாதிரி வேலை செய்யுது. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று மரத்தடியில் பார்த்தவங்களுக்குத் தெரியும், வட்டமெல்லாம் பிறை பிறையா ஆகியிருந்தது. நான் அப்போ அஞ்சாம் கிளாஸ். அறிவியலுக்கு நல்லது, ஆச்சி முகத்துக்கு வேண்டாம். மரத்தடின்னா அடர்த்தியான புளியமரமாப் பாருங்க.

அணைக்கட்டுப் பக்கம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் எடுக்கலாம். சூரியனை ஆளுக்குப் பின்னால வச்சால் முடி ஓரம் மஞ்சளா மினுங்கும். அப்போ கேமரா பின்னால இருக்கிற வெளிச்சத்தைப் பார்த்துப் பயந்து முகத்தை இருட்டாக்கிடும். முகத்துக்கு அளவெடுத்து வெளிச்சத்தைக் கூட்டணும். நண்பர்களை எடுக்க அது நல்ல இடம். ஆச்சிமாரை ஆற்றங்கரை வரை நடக்க வைக்காதீங்க.

இப்போ இந்த லென்சின் மந்திரத்துக்கு வர்றேன். ஆபத்தும் அதில்தான் இருக்கு. துவாரம் பெரிசாத் திறந்தால் ஒரு தூரத்தில் இருக்கிறது மட்டும்தான் கூர்மையா விழும். முன்னாலயும் பின்னாலயும் இருக்கிறது கலங்கிடும். பின்னால நிற்கிற மோட்டார் சைக்கிள், துணிக்கொடி, ஒயர், போஸ்டர் எல்லாம் பாலில் கரைஞ்ச மாதிரி போயிடும். முகம் மட்டும் தனியா எழுந்து நிற்கும். சினிமா மாதிரி இருக்குன்னு எல்லாரும் சொல்றது இதைத்தான். கூர்மையா விழுற அந்தப் பகுதி எவ்வளவு தடிமன் தெரியுமா? ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்னு 1.8-ல் எடுத்தால் சுமார் 6 செ.மீ.தான்! ஒரு மீட்டர் தூரத்துக்குப் போனால் 3 செ.மீ.கூடக் கிடையாது. இந்தத் தாளின் ஓரத்தில் பச்சை ஸ்கெட்சில் வரைஞ்சிருக்கிற தலையைப் பாருங்க. நிழல் போட்ட பட்டைதான் அந்த 6 செ.மீ. மூக்கு நுனியும் கண்ணும் அதுக்குள்ள அடங்கும், காது அடங்காது.

ரெண்டாவது தடவை திண்ணையில் எடுத்தபோது எனக்கு நடந்தது அதுதான். வெளிச்சம் அருமை. கண் இமை மயிர் ஒவ்வொண்ணும் எண்ணலாம். மூக்குத்திக் கல் ஜொலிக்குது. எனக்குச் சந்தோஷம் தாங்கலை. வீட்டில் அம்மாகிட்ட காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் பார்த்துட்டு, "பாம்படம் எங்கடா?"ன்னாங்க. பாம்படம் இருந்த இடத்தில் மஞ்சளா ஒரு புகை. எதுக்காக ஆழ்வார்திருநகரி வரை போனேனோ அதையே லென்ஸ் கரைச்சிடுச்சு. ஸ்டுடியோக்காரங்க காதைத் திருப்பி ஒட்டினதுக்கு நான் கோபப்பட்டேனே, நானும் அதைத்தான் வேற மாதிரி செஞ்சிருக்கேன்!

மூணாவது தடவை, இரண்டு மீட்டர் தள்ளி நின்னேன். துவாரத்தை எஃப் 4-க்குச் சுருக்கினேன். கூர்மைப் பகுதி சுமார் 25 செ.மீ. ஆச்சு. மூக்கிலிருந்து பாம்படம் வரை எல்லாம் அதுக்குள்ள. பின்னால இருக்கிற கதவு லேசாத்தான் கலங்கியிருக்கு. கதவுன்னு தெரியுது, ஆனா கண்ணை இழுக்கலை. வெளிச்சம் அஞ்சில் ஒரு பங்கா குறைஞ்சாலும் ஷட்டர் 200-ல் ஒரு பங்குக்கு இருந்தது. பேசிக்கிட்டே இருக்கிற ஆச்சிக்கு அது போதும். ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்க விடக்கூடாது. அது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கிற மூக்கைப் பிடிச்சுக்கும். ஒரு புள்ளியை மட்டும் வச்சு, நமக்குக் கிட்ட இருக்கிற கண்ணில் வைக்கணும். தூரத்தையும் கவனிங்க. அரை மீட்டருக்குள்ள போய் எடுத்தால் மூக்கு பெரிசாவும் காது சிறிசாவும் விழும். இரண்டு மீட்டர்தான் முகத்துக்கு மரியாதையான தூரம்.

"அப்போ 1.8 லென்ஸ் எதுக்கு, 4-லதானே எடுத்தே?"ன்னு என் பக்கத்து பெஞ்ச் நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. சாதாரண ஜூம் லென்ஸ் அந்த இழுப்பில் 5.6-லதான் தொடங்கும், 4 அதில் கிடையாது. அதோட, சாயங்காலம் இருட்டிக்கிட்டு வரும்போது, ஓடுற குழந்தையை எடுக்கும்போது 1.8 கைகொடுக்கும். திறக்க முடியும்னு இருக்கிறது வேற, திறந்தே வைக்கணும்னு இருக்கிறது வேற.

செல்போன்லயும் 1.8-ன்னு போட்டிருக்கேன்னு நீங்க கேட்கலாம். போட்டிருக்கும். ஆனா அந்தக் குட்டி லென்சின் குவியத் தூரம் ஆறு மி.மீ. பக்கம்தான். 1.8-ஆல் வகுத்தால் அதே கம்பு மணி துவாரம். அதால பின்னணியை அவ்வளவா கலக்க முடியாது. அதனால ‘போர்ட்ரெய்ட்’ மோடில் போன் எது ஆள், எது பின்னணின்னு கணக்குப் போட்டு, பிறகு செயற்கையா கலக்குது. முடி ஓரம், வளையல் இடுக்கு, இதிலெல்லாம் அதுக்கு அடிக்கடி சந்தேகம் வந்துடும். பாம்படத்துக்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை என்ன செய்றதுன்னு தெரியாம, ஒரு படத்தில் பாம்படத்தோட பாதியைக் கடிச்சுத் தின்னுட்டுது. போனில் எடுக்கிறதா இருந்தா அந்த மோடை அணைச்சுட்டு, திண்ணை வெளிச்சத்தில் எடுங்க. நல்லாவே வரும்.

இந்த மாதிரி பெரிய துவார லென்ஸ் ஒண்ணும் புதுசு இல்லை. 1839-ல் பிரான்சில் டாகர் முறையை வெளியிட்டபோது இருந்த லென்சின் துவாரம் எஃப் 16 பக்கம். ஒரு படத்துக்கு வெயிலிலேயே நிமிஷக்கணக்கில் அசையாமல் உட்காரணும். தலையைப் பிடிச்சு வைக்க இரும்புக் கவட்டை வச்சிருந்தாங்க. அடுத்த வருஷமே, 1840-ல், வியன்னாவில் ஜோசஃப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் ஆள் படத்துக்குன்னே ஒரு லென்சைக் கணக்குப் போட்டு வடிவமைத்தார். துவாரம் சுமார் எஃப் 3.6. ஏறக்குறைய 20 மடங்கு வெளிச்சம்! அதுக்குப் பிறகுதான் சாதாரண மனுஷங்க கண் சிமிட்டுறதுக்குப் பயப்படாம படத்துக்கு உட்கார முடிஞ்சது. நம்ம ஊரில் பிறந்த குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டு. அவர் முகம் எப்படி இருந்ததுன்னு யாராலும் சொல்ல முடியாது. நாம பார்க்கிறதெல்லாம் ஓவியர் கற்பனை. நம்ம மாவட்டத்து எட்டயபுரத்தில் 1882-ல் பிறந்த பாரதிக்கு விரல் விட்டு எண்ணுற அளவு போட்டோக்கள் இருக்கு. அதனாலதான் அந்த மீசையும் அந்தப் பார்வையும் நமக்குத் தெரியுது.

இன்னொரு விஷயமும் சொல்லணும். மதுரைக்காரர் எம். பழனிகுமார் என்ற போட்டோகிராபர் இருக்கார். அவங்க அம்மா மீன் விற்கிறவங்க. பத்திரிகையாளர் சாய்நாத் தொடங்கிய ‘பாரி’ தளத்துக்காக, ராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கிற பெண்களையும் நம்ம தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களையும் அவர் படம் எடுத்திருக்கார். பல படங்களில் பின்னால உப்பு, தண்ணி, வெயில் எல்லாம் தெரியும். அதைக் கரைச்சிட்டா அவங்க என்ன வேலை செய்றாங்க, எந்த வெயிலில் நிற்கிறாங்கன்னு யாருக்குத் தெரியும்? ஆள் மட்டும் போதுமா, ஆளோட இடமும் வேணுமான்னு எடுக்கிறவங்கதான் முடிவு பண்ணணும். கேமரா முடிவு பண்ணாது.

உலகத்திலேயே ரொம்பப் பேருக்குத் தெரிஞ்ச ஆள் படங்களில் ஒண்ணு, பச்சைக் கண்ணோட ஒரு ஆப்கன் சிறுமி. 1984-ல் பாகிஸ்தானில் ஓர் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்தது. அதுவும் 105 மி.மீ. எஃப் 2.5 பிரைம் லென்ஸ்தான். 1985 ஜூன் மாத ‘நேஷனல் ஜியாகிரபிக்’ அட்டையில் வந்து உலகம் முழுக்கச் சுற்றியது. ஆனா அந்தப் பெண்ணோட பேர் ஷர்பத் குலா என்பது 2002-ல்தான் உலகத்துக்குத் தெரிஞ்சது. பதினேழு வருஷம் பேரே இல்லாம அந்த முகம் மட்டும் சுத்தியிருக்கு! படம் எவ்வளவு நல்லா இருந்தாலும் எனக்கு இது உறுத்துது. அதனால நான் எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் பின்னால பேர், ஊர், தேதி, அவங்க அம்மா அப்பா பேர் எல்லாம் பென்சிலில் எழுதுறேன். எடுக்கலாமான்னு கேட்டுத்தான் எடுக்கிறேன். தெருவில் ஒரு தாத்தா வேண்டாம்னுட்டார். சரின்னு வந்துட்டேன்.

சின்ன ஆச்சி படத்தை எட்டுக்குப் பன்னிரண்டில் மூணு பிரிண்ட் போட்டோம். ஒண்ணு ஆச்சிக்கு, ஒண்ணு எங்க வீட்டில் மேல்தட்டில் (கீழ்த்தட்டு வேண்டாம்னு அப்பா கண்டிப்பா சொல்லிட்டார்), ஒண்ணு சென்னை அத்தைக்கு. தண்ணி வந்தா மூணு ஊரிலும் ஒரே நாள் வராதில்ல? ஆச்சி பிரிண்டைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, முகத்தைப் பார்க்கலை. முதலில் காதைத்தான் பார்த்தாங்க. விரலால தடவிட்டு, "எங்க அக்காளுக்கும் இப்படித்தான் இருக்கும்"ன்னாங்க.

கேமரா இந்த மாதம் முழுக்க என்கிட்டதான் இருக்கும். முகூர்த்த நாளில் மட்டும் சித்தப்பா வாங்கிக்குவார். உங்க வீட்டு ஆச்சி, தாத்தா யாரையாவது எடுக்கணும்னா பிளஸ் ஒன் ‘பி’ பிரிவில் வந்து கேளுங்க. சனிக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு மேல் வர்றேன். வீட்டில் திண்ணை இருந்தா ரொம்ப நல்லது. இல்லைன்னா வெள்ளை வேட்டி ஒண்ணு எடுத்து வையுங்க.